ஒரு நாளுக்கு ஒரு மலை போதும்

மகன்,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை அம்மா பெரிய எழுத்தில் அச்செடுத்து வந்து என் முன்னால் வைத்தார். சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு லொங்குய்யில் இருந்து புறப்பாடு. எட்டு மணிக்கு மொண்டபெல்லோ மரக்கோட்டை. பத்தரைக்கு மொன்-த்ரொம்ப்ளான் மலை, கேபிள் பெட்டியில் ஏறி இறங்கப் பன்னிரண்டு. மத்தியானச் சாப்பாடு காருக்குள்ளேயே. இரண்டு மணிக்கு இன்னொரு மலை. ஞாயிற்றுக்கிழமை கியூபெக் நகரத்துக் கோட்டை, நீர்வீழ்ச்சி, தீவில் அப்பிள் தோட்டம், ஆறு மணிக்கு வீடு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நிமிடக் கணக்குப் போட்டு, நிறமும் பூசியிருக்கிறாய். 'நீங்கள்தான் ரோட்டெல்லாம் தெரிஞ்ச ஆள், ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ அப்பா' என்று கீழே எழுதியிருந்தாய். நானும் இரண்டு நாட்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனில் இரண்டு வரியில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எடுத்தால் வேறு ஏதாவது கதைத்துவிட்டு வைத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். கண் முன்போல இல்லை, கொப்பியின் கோட்டை விட்டு எழுத்து இறங்கிப் போகிறது, பொறுத்துக்கொள்.

போன மாதம் கண் வைத்தியர் இனிக் கார் ஓட்ட வேண்டாம் என்று சொன்ன அன்றே சாவியை உன் கையில் தந்துவிட்டேன். நீ ஏதோ சொல்ல வந்தாய், நான் சில்லுக் காற்றைப் பற்றியும் எண்ணெய் மாற்றுவதைப் பற்றியும் சொல்லி உன் வாயை அடைத்துவிட்டேன். இருபத்தைந்து வருடம் பாண் லொறி ஓட்டியவன். இந்த நகரத்தில் எந்தக் கடையின் பின்கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், எந்தப் பாலத்தில் எந்த நேரம் நெரிசல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் சாவியோடு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அதை அன்றைக்கு விழுங்கிவிட்டேன்.

நீ கேட்டதற்கு முதலில் வருகிறேன். உன் திட்டம் நடக்காது. போன் வரைபடத்தில் காட்டும் நேரம் வெறும் ரோட்டுக்கான நேரம். அதில் சப்பாத்துப் போடும் நேரம் இல்லை, கார் நிறுத்த இடம் தேடும் நேரம் இல்லை, 'கொஞ்சம் நில்லுங்கோ, ஒரு படம் எடுப்பம்' என்பது இல்லை. வயதானவர்கள் இருவர் பின்னால் இருந்தால் வரைபடம் காட்டும் நேரத்தோடு பாதியை இன்னும் கூட்டிக்கொள். இலை சிவக்கும் வார இறுதியில், அதுவும் நன்றி தெரிவிக்கும் நாளை ஒட்டி வந்தால், மலையில் இருந்து திரும்பும் பதினைந்தாம் நெடுஞ்சாலை மாலை மூன்று மணியில் இருந்து நத்தையாக ஊரும். ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும், இருட்டில் எல்லா மலையும் ஒரே கறுப்புத்தான். கியூபெக் நகரம் ஒரு பக்கமே மூன்று மணித்தியாலம். அங்கே கோட்டைக்குக் கீழே முழுக்கப் படியும் ஏற்றமும். முழங்கால் நோவு உள்ளவர்களை அதில் ஏற்றாதே, கம்பியில் இழுத்து மேலே ஏற்றும் பெட்டி இருக்கிறது. அதைவிட நல்லது, அந்த நகரத்தை இந்த வார இறுதியில் இருந்து எடுத்துவிட்டு, வேறொரு நாள் போய் ஓர் இரவு தங்கி ஆறுதலாகப் பாருங்கள். சனிக்கிழமைக்கு மரக்கோட்டை மட்டும் போதும். காலைச் சாப்பாட்டை வீட்டில் இருந்து சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு வெளிக்கிடுங்கள். மலையை அடுத்த சனிக்கிழமைக்கு வை. அந்த இலைகள் விழுந்துவிட்டால் தெற்கே ஓஃபோர்ட் பக்கம் இன்னும் ஒரு கிழமைக்கு நிறம் நிற்கும்.

இவ்வளவுதான் என்றால் அம்மாவிடமே சொல்லி அனுப்பியிருப்பேன். புதன்கிழமை மருமகள் கயல் போன் எடுத்தாள். தன் அப்பாவும் அம்மாவும் திருச்சியில் இருந்து முதல் தடவையாக வருகிறார்கள் என்ற சந்தோசம் குரலில் இருந்தாலும் ஏதோ ஒன்றை மென்று விழுங்கினாள். "மாமா, அப்பாவுக்கு சுகர். முக்கால் மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போகணும். ஆனா மாப்பிள்ளை கார் ஓட்டும்போது நிறுத்துங்கன்னு வாயைத் திறந்து கேக்கவே மாட்டார். அவர் அப்படித்தான்" என்றாள். உன்னிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். "சொன்னேன் மாமா. 'பாப்பம்'னு சொல்லிட்டு மறுபடியும் லேப்டாப்பைப் பாக்கறார்." நான் சிரித்துச் சமாளித்தேன், நானும் அதைத்தான் சொல்லுவேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு கேட்டாள். "மாமா, கல்யாணத்தன்னிக்கு ஒரு கதை சொன்னீங்களே, மலைக்குப் போன கதை. நிஜமாவே உங்களுக்குக் கேக்கலையா?"

அந்தக் கதையை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். பிறந்தநாட்களில், பங்குக் கோயில் ஒன்றுகூடல்களில், உன் கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்துக்கொண்டு. எல்லாரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய், கண்ணை மட்டும் வேறு எங்கேயோ வைத்துக்கொண்டு. இப்போது அதைச் சரியாகச் சொல்கிறேன், ஒருமுறை கேள்.

நீயும் அம்மாவும் மன்னாரில் இருந்து வந்து இறங்கிய வருடம் அது. நான் உங்களை விட்டு வரும்போது உனக்கு இரண்டு வயது. கடதாசிகள் சரிவர ஆறு வருடம் எடுத்தது. விமான நிலையத்தில் அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற எட்டு வயதுப் பிள்ளையை நான் தூக்கப் போனேன், நீ பின்னால் நகர்ந்துவிட்டாய். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், எதுவும் கூப்பிடாமலே சமாளித்தாய். ஏதாவது வேண்டும் என்றால் அம்மாவின் காதில் சொல்வாய், அம்மா எனக்குச் சொல்வார். ஒரே வீட்டில் இருவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொண்டு வாழ்ந்தோம். செப்டெம்பரில் புதுப் பிள்ளைகளுக்கான பிரெஞ்சு வகுப்பில் 'ஷாத்தோ' என்ற சொல்லையும் ஒரு படத்தையும் காட்டியிருக்கிறார்கள். நீ வீட்டுக்கு வந்து நேரே என்னிடம் கேட்டாய். "இஞ்ச கோட்டை இருக்கோ?" அதுதான் நீ என்னிடம் நேரடியாகக் கேட்ட முதல் கேள்வி. எனக்குத் தலைகால் புரியவில்லை. கோட்டை என்ன, மலை என்ன, எல்லாவற்றையும் ஒரே நாளில் உன் முன்னால் கொண்டுவந்து கொட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆறு வருடத்தை ஒரு சனிக்கிழமைக்குள் அடைக்கப் பார்த்தேன்.

லொறியில் கடை கடையாக நிமிடம் எண்ணிப் பழகியவன் எழுதிய திட்டம், உன்னுடையதைப் போலவேதான் இருந்தது. மரக்கோட்டைக்கு இருபத்தைந்து நிமிடம், மலைக்கு ஒன்றரை மணித்தியாலம், திரும்பி வந்து மாதா கோயிலில் ஒரு மெழுகுதிரி, ஆறு மணிக்கு வீடு. காலை இருட்டோடு உங்களை எழுப்பி அந்தப் பழைய காரில் ஏற்றினேன். மொண்டபெல்லோவுக்குப் போனதும் நீ மேலே பார்த்தாய், கீழே பார்த்தாய். கோபுரம் இல்லை, அகழி இல்லை, பெரிய பெரிய மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய கட்டடம். "இது மரவீடு" என்று அம்மாவிடம் சொன்னாய். ஆனால் உள்ளே நடுவில் நிற்கும் அந்த நெருப்படுப்பைக் கண்டதும் உன் வாய் திறந்தபடியே நின்றது. வானம் வரைக்கும் கல்லால் கட்டி, பல பக்கமும் நெருப்பு எரிந்தது. அம்மாவுக்கும் பிடித்துவிட்டது. "இஞ்சருங்கோ, இதில இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவமே" என்று கேட்டார். நான் மணிக்கூட்டைக் காட்டினேன். அம்மா எழும்பினார். தேத்தண்ணிக்குப் பதிலாக நான் வாங்கித் தந்த தோடம்பழச் சாற்றை நீ காருக்குள் கொண்டுவந்து ஒரே மூச்சில் குடித்தாய்.

அங்கே இருந்து மலைக்குப் போகும் பாதை ஒற்றைப் பாதை, காட்டுக்குள்ளால் வளைந்து வளைந்து போகும். எனக்கு முன்னால் வீடு மாதிரி ஒரு பெரிய வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது, அதற்கு முன்னால் இன்னும் இரண்டு. அரை மணித்தியாலம் அவற்றின் பின்னாலேயே போய், நல்ல இடம் பார்த்து மூன்றையும் ஒரே வீச்சில் முந்தினேன். அப்போதுதான் நீ அம்மாவிடம் ஏதோ முணுமுணுத்தாய். அம்மா, "பிள்ளைக்கு ஒண்டுக்கு வருதாம்" என்றார். "இன்னும் பத்து நிமிசம்" என்றேன். பத்து நிமிடம் போனது. அம்மா திரும்பவும் சொன்னார். "ஊர் ஒண்டு வரும், பாப்பம்" என்றேன். ஊர் வந்தது. வலது பக்கத்தில் ஒரு பெற்றோல் செட், பக்கத்தில் தெப்பனர் என்கிற சின்னச் சில்லறைக் கடை, கதவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த நேரம் நீயே சொன்னாய். அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாய். மெதுவாக, ஆனால் தெளிவாக. "எனக்குப் போகவேணும்."

நான் நிறுத்தவில்லை. அந்த ஊருக்குப் பிறகு முழுக்கக் காடு.

மலையடிவாரத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் மூன்று முறை சுற்றி, தூரத்தில் ஒரு மூலையில் நிறுத்தினேன். நானும் அம்மாவும் இறங்கினோம், நீ இறங்கவில்லை. கதவைத் திறந்து, "வா, வா, நேரம் போகுது" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் உன் காற்சட்டை நனைந்திருந்ததைக் கண்டேன். அந்த இடத்தில் எத்தனை சனம் நின்றது! நான் குரலை அடக்கியிருக்கலாம், அடக்கவில்லை. "எட்டு வயசாச்சு, வெக்கமில்லையே? வாய் இல்லையே உனக்கு, சொல்லுறதுக்கு?" என்று கத்தினேன். அம்மா காரைச் சுற்றி வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றார். "அவன் மூண்டு தரம் சொன்னவன்" என்றார். நான் உன்னைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "எனக்குக் கேக்கேல்லை. யன்னல் திறந்து கிடந்தது, காத்துச் சத்தம்." அம்மா தன் சால்வையை எடுத்துச் சாரம் மாதிரி உன் இடுப்பில் கட்டிவிட்டார். நாங்கள் மேலே ஏறவில்லை. மெழுகுதிரியும் கொளுத்தவில்லை. அத்தனை சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவால் மூன்று பேரும் திரும்பி வந்தோம்.

மகன், எனக்குக் கேட்டது. மூன்று முறையும் கேட்டது. யன்னல் பூட்டித்தான் இருந்தது. அந்த மூன்று வண்டிகளும் திரும்பவும் எனக்கு முன்னால் போய்விடும், இன்னும் அரை மணித்தியாலம் பிந்திவிடும் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று இத்தனை வருடமாகத் தேடிப் பார்த்தேன், இல்லை. என்னோடு ஒரு சொல் பேசத் தயங்கிய பிள்ளை, தைரியத்தைச் சேர்த்து என்னிடமே நேரே கேட்டான். அதைக் கேட்டும் கேளாதவன் மாதிரி இருந்தேன். பிறகு அவன் சொல்லவே இல்லை என்று ஊருக்கு முன்னால் அவனைக் குற்றவாளி ஆக்கினேன். அதற்கும் பிறகு அதைப் பகிடியாக்கி, அவனையே சிரிக்க வைத்தேன். கயலிடம் நான் பதில் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாமல் அவளிடம் சொல்வது சரியில்லை என்று பட்டது.

அம்மா அந்தப் பயணத்தைப் பற்றி என்னோடு சண்டை போடவில்லை. முதியோர் இல்லத்துச் சமையலறை வேலையை முடித்துக்கொண்டு வந்து, குளிர்காலம் முழுக்கக் கார் ஓட்டப் பழகினார். இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை லைசென்ஸ் எடுத்தார். அடுத்த வருடம் இலை பழுத்தபோது, "இந்த முறை நான் ஓடுறன், நீங்கள் பக்கத்தில இருங்கோ" என்றார். திட்டம் என்று கடதாசியில் ஒன்றும் இல்லை. தெற்கே ஏரிக்கரையில் துறவிகளின் மடம் ஒன்று இருக்கிறது, கல்லில் கோபுரம் எழுப்பி, பார்த்தால் உன் படப் புத்தகத்துக் கோட்டையேதான். ஏரிக்கு அந்தப் பக்கம் மலை. அது ஒன்றுதான் அன்றைக்கு. பத்து மணிக்கு வெளிக்கிட்டோம். முக்கால் மணித்தியாலத்தில் நெடுஞ்சாலை ஓரத்து இளைப்பாறும் இடத்தில் அம்மா காரைத் திருப்பினார். ஆருக்கு வருகிறது என்று நான் கேட்டேன். "ஆருக்கும் வருதோ இல்லையோ, எல்லாரும் இறங்குங்கோ. எனக்குப் போகவேணும்" என்றார்.

போய்விட்டு வந்து மர மேசையில் முட்டையும் பாணும் எடுத்து வைத்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அம்மா கார்ச் சாவியைத் தன் பைக்குள் போட்டுவிட்டு, மிளகுத் தூளைத் தேடப் போனார். நீயும் நானும் எதிரெதிரே இருந்தோம். நீ முட்டைக் கோதை உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாய். "நாங்கள் வராமல் விட்டிருந்தா, நீங்கள் வேற பிள்ளை வைச்சிருப்பீங்களோ?" ஒன்பது வயதுப் பிள்ளையின் மனதில் அது எத்தனை நாளாகக் கிடந்ததோ. அதுவரை அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். ஒவ்வொரு வருடமும் பனிக்கு முன்னால் உனக்கு ஒரு சோடி குளிர்காலச் சப்பாத்து வாங்கி, கோட்-தெ-நேஜில் நான் இருந்த அறையின் கதவடியில் வைப்பேன். இந்த வருடம் வந்துவிடுவீர்கள் என்று நினைத்து, உன் கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று குத்துமதிப்பாக வாங்குவேன். கடதாசி வராது. அடுத்த வருடம் அது சின்னதாகிவிடும், கோயிலில் கொடுத்துவிட்டு அடுத்த அளவு வாங்குவேன். ஆறு சோடி. நீ மேசைக்குக் கீழே குனிந்து உன் காலைப் பார்த்தாய். "இப்ப என்ர அளவு தெரியுமோ?" தெரியாது என்றேன். "மூண்டு" என்றாய். பிறகு முட்டையில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளி, "சாப்பிடுங்கோ அப்பா, அம்மா மிளகுத்தூள் கொண்டரேல்லை எண்டு நினைக்கிறன்" என்றாய்.

அன்றைக்கு அந்த மேசையிலேயே ஒரு மணித்தியாலம் போய்விட்டது. மடத்துக்குப் போய்ச் சேர ஒரு மணி தாண்டியது. கோபுரம் பார்த்தாய், துறவிகள் பாடுவதைக் கேட்டாய், ஏரியில் கல் எறிந்தாய், வரும்போது நித்திரையாகிவிட்டாய். அம்மா எனக்கு ஒரு சொல்லும் சொல்லிக் காட்டவில்லை. நான் அன்றே உன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ அப்பா என்று முதல்முறை கூப்பிட்ட சந்தோசத்தில், அதைக் கெடுத்துக்கொள்ளப் பயந்து விட்டுவிட்டேன். பயந்து விட்டது பழகிப்போய்விட்டது.

ஆகவே சம்பந்தியை ஏற்றிக்கொண்டு போகும்போது இதை மட்டும் செய். அவர் தலைமை ஆசிரியராக இருந்தவர், மருமகன் முன்னால் கூசுவார், கேட்கவே மாட்டார். அவர் கேட்கும்வரை இருக்காதே. முக்கால் மணிக்கு ஒருமுறை, உனக்கு வந்தாலும் வராவிட்டாலும், 'எனக்குப் போகவேணும் மாமா, நீங்களும் காலை நீட்டுங்கோ' என்று நீ முதலில் இறங்கு. பின்னால் எத்தனை வண்டி முந்திப் போனாலும் போகட்டும். மரக்கோட்டையில் நெருப்படுப்புக்குப் பக்கத்துக் கதிரைகளில் அவர்களை இருத்தி, தேத்தண்ணி வாங்கிக் கொடு. அவர்களாக எழும்பும்வரை நீ எழும்பாதே. கயல் ஏதாவது சொன்னால் 'பாப்பம்' என்று சொல்லாதே. அந்தச் சொல்லை நீ என்னிடம் இருந்துதான் எடுத்தாய்.

இவ்வளவும் எழுதி முடித்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எனக்கு அண்டைக்கே தெரியும், யன்னல் பூட்டிக் கிடந்தது எண்டு" என்றார். பிறகு, "அவனுக்கும் தெரியும்" என்றார். அப்படியானால் ஏன் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்கிறேன், மகன். இதைப் படித்தவுடன் பரவாயில்லை அப்பா என்று ஒரு செய்தி அனுப்பி முடித்துவிடாதே. அந்தக் கார் தரிப்பிடத்தில், சால்வையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தபோது உன் மனதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. ஞாயிறு பூசை முடிய எங்கள் லாசால் வீட்டுக்கு வா. கோபம் இருந்தால் கோபமாகவே சொல்லு. எவ்வளவு நேரம் எடுத்தாலும் எடு, எனக்கு வேறு எங்கும் போக இல்லை.

அப்பா